கோகுலாஷ்டமி முடிந்து கிளம்பினால்… நல்லூரில் தேர்!

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்களில் பலரும், குதிரைகள் இழுக்கும் ரதம் போன்ற ராஜகம்பீரன் மண்டபத்தைப் பார்த்து வியந்து, ஸ்வாமி தரிசனம் முடித்து, சந்நிதித் தெருவில் ஒரு பட்டுப்புடவையும் விசாரித்துவிட்டுக் கிளம்பி விடுகிறார்கள். அடுத்த முறை போனால், கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றி வரும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள். அடிப்பகுதியில் சின்னச் சின்னச் சிற்பங்கள் வரிசையாக ஓடும். 63 நாயன்மார்களின் வரலாறு அது!

சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளியது இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில். அவன் மகன் இரண்டாம் ராஜராஜன் 12-ம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில்தான் தாராசுரம். ஆக, அந்த அடியார்களின் கதை ஏட்டில் ஏறிய சூடு ஆறுவதற்குள் கல்லிலும் ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும். இந்திரனின் வெள்ளை யானை ஐராவதம் தன் நிறத்தைத் திரும்பப் பெற்றதும், எமதர்மன் தன் உடல் எரிச்சல் தீர நீராடியதும் இங்கேதான் என்கிறது தல புராணம்.

அந்த நாயன்மார்களில் இருவரைப் பற்றி ஒரு செய்தி. திருஞானசம்பந்தர் பாண்டிய நாட்டு யாத்திரையில் ராமேஸ்வரம் வந்தார். எதிரே கடல். அக்கரையில் ஈழம். அங்கே திருக்கோணமலையில் ஓர் ஈசன், மாதோட்டத்தில் திருக்கேதீச்சரம் என்று இன்னோர் ஈசன். சம்பந்தர் கடலைக் கடக்கவில்லை. ராமேஸ்வரத்தில் இருந்தபடியே அந்த இரண்டு தலங்களுக்கும் பதிகம் பாடினார். பின்னாளில் சுந்தரரும், சேரமான் பெருமாளோடு வந்தபோது, இக்கரையில் இருந்தே திருக்கேதீச்சரத்தைப் பாடினார். ஈழநாட்டின் பாடல் பெற்ற தலங்கள் இந்த இரண்டும்தான்.

நடந்தே ஊர் ஊராகப் போன மகான்கள், அந்தக் கடலுக்கு இப்பால் நின்று மனத்தால் தரிசித்தார்கள். நமக்கோ இன்று கப்பல் இருக்கிறது! 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். அந்த மழைக்காலத்தில் நின்றுபோய், 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. தாராசுரத்தில் இருந்து கும்பகோணம், திருவாரூர் வழியாக நாகை போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் கடல். திருச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் 2025 மார்ச் 30 முதல் வந்துவிட்டது. சென்னையில் இருந்தும் உண்டு.

வழி கிடைத்துவிட்டது. நாள்? அங்கேதான் நாம் சறுக்குகிறோம். பிள்ளைகளுக்கு எப்போது லீவு, அவருக்கு எப்போது லீவு, டிக்கெட் எப்போது மலிவு… இந்த மூன்றையும் பார்க்கிறோம். போகிற தீவில் அன்றைக்கு என்ன நாள் என்று பார்ப்பதில்லை.

சம்பந்தி வீட்டுக்கு ஒருநாள் போக வேண்டும் என்றால் என்ன செய்வோம்? ‘அன்றைக்கு உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷமா, திதி ஏதாவது வருகிறதா?’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்புவோமா? வீட்டில் நல்ல நாள் என்றால் பழம், பூவோடு போவோம். திதி என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு போவோம், அல்லது நாளைத் தள்ளிப் போடுவோம். ஒரு வீட்டுக்கே இப்படி என்றால், ஸ்வாமி குடியிருக்கும் ஊருக்கு? அந்த ஊருக்கும் நல்ல நாள் உண்டு, திதியும் உண்டு.

யாழ்ப்பாணத்தின் பண்டிகைகள் நமக்குத் தெரிந்தவைதாம். ஆனால், அதே நாளுக்கு அங்கே வேறு பொருள் இருக்கும். சித்ரா பௌர்ணமியை எடுத்துக் கொள்ளுங்கள். நமக்கு அன்று சித்ரகுப்தன், மதுரை என்றால் அழகர் ஆற்றில் இறங்கும் வைபவம். அங்கேயும் கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படித்து, கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறார்கள்தான். ஆனால், வீடுகளில் அது தாயை இழந்தவர்கள் தாயை நினைத்து நோற்கும் விரத நாள். அதேபோல, ஆடி அமாவாசை தந்தையை இழந்தவர்களுக்கு. பிள்ளை, பெண் என்ற பேதமில்லாமல் விரதம் இருக்கிறார்கள். காத்தோட்டிக்காய் என்று ஒரு காய் அன்றைய சமையலில் கட்டாயம். நம் ஊரில் அமாவாசை என்றால் வாழைக்காய் தேடுவோமே, அது மாதிரி!

அந்த ஆடி அமாவாசையில் இருந்துதான் நம் கணக்கைத் தொடங்க வேண்டும். கப்பல் போய் நிற்கும் காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். அதன் தல வரலாற்றைக் கேட்டால் நம் சோழநாட்டுப் பெண்களுக்குச் சிலிர்க்கும்.

சோழ மன்னன் ஒருவனின் மகள் மாருதப்புரவீகவல்லி. பெண்ணுக்கு முகம் குதிரை முகமாகிவிட்டது. தீராத வயிற்று நோய் வேறு. எத்தனையோ தீர்த்தம் ஆடியும் பலனில்லை. கடைசியில் கடல் கடந்து கீரிமலைக்கு வந்தாள். கடற்கரையை ஒட்டி ஊறும் நன்னீர்ச் சுனை அது. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் நீராடி முகம் மாறிய இடம். அவளும் நீராடினாள், ஈசனைக் கும்பிட்டாள். குதிரை முகம் நீங்கியது. ‘மா’ என்றால் குதிரை. மா முகம் விட்ட ஊர், மாவிட்டபுரம்!

நன்றிக்கடனாக அவள் முருகனுக்குக் கோயில் எழுப்ப நினைத்தாள். தந்தைக்குச் சொல்லி அனுப்ப, விக்கிரகம் இங்கிருந்து கடல் வழியே போனது. பூஜைக்குச் சிதம்பரத்தில் இருந்து ஓர் அந்தணரும் போனார் என்பார்கள். காங்கேயன் என்பது முருகனின் திருநாமம் அல்லவா? காங்கேயன் வந்து இறங்கிய துறைதான் காங்கேசன்துறை ஆயிற்று. இன்று நாம் நாகையில் ஏறி இறங்குவதும் அதே துறையில்தான். முருகன் முதலில் போன வழியில் நாம் போகிறோம்!

மாவிட்டபுரத்தில் ஆண்டு மகோற்சவம் 25 நாட்கள். ஆடி அமாவாசைக்கு முதல் நாள் தேர். அமாவாசையன்று ஸ்வாமி கீரிமலைக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுகிறார். கீரிமலையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் இருப்பதால் கூச்சமின்றி நீராடலாம். பக்கத்திலேயே நகுலேஸ்வரர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1990-ல் போர் காரணமாக இந்த வட்டாரம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. மக்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். பல ஆண்டுகள் ஊர்க்காரர்களே தங்கள் கோயிலுக்கு நினைத்தபோது போக முடியவில்லை. 2009-ல் போர் முடிந்த பிறகுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான், நிலங்கள் திரும்பின. ஆடி அமாவாசைக்கு அங்கே கேணிக்கரையில் நிற்கும் பெண்மணி, தன் தகப்பனாரை மட்டும்தான் நினைக்கிறாள் என்று சொல்ல முடியாது. நாம் தர்ப்பணம் முடித்ததும் போட்டோ எடுக்கக் கிளம்பிவிடாமல், அவள் பக்கத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் போதும். ‘எங்கேயிருந்து வாறீங்கள்?’ என்று அவளே கேட்பாள்.

ஆடி அமாவாசையைச் சேர்த்து ஆறாம் நாள், நல்லூரில் கொடியேற்றம். அங்கிருந்து 25 நாள் பெருவிழா. 24-ம் நாள் தேர், 25-ம் நாள் தீர்த்தம். தீர்த்தம் ஆவணி அமாவாசையில் வரும். 2025-ல் ஆடி அமாவாசை ஜூலை 24. கொடியேற்றம் ஜூலை 29. தேர் ஆகஸ்ட் 21. தீர்த்தம் ஆகஸ்ட் 22. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த ஆண்டுக்கும் நாமே உத்தேசமாகக் குறித்துவிடலாம். ஆனால், டிக்கெட் எடுக்குமுன் கோயில் அறிவித்த தேதியைக் கேட்டுவிடுங்கள். அங்கே வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு நாள் முன்னே பின்னே ஆனால், தேர் நிலைக்கு வந்த பிறகு நாம் போய் நிற்போம்!

தாராசுரத்தில் அம்மன் சந்நிதிக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாமி மடக்கினார். “ஏம்மா, நன்னா சொல்றே! ஆடி, ஆவணி முழுக்க ஆத்துல பண்டிகை. பதினெட்டாம் பெருக்கு, வரலட்சுமி நோன்பு, ஆவணி அவிட்டம், கோகுலாஷ்டமி, பிள்ளையார் சதுர்த்தி. கலசம் வெச்ச கையோட கப்பல் ஏறச் சொல்றியா?”

நியாயமான கேள்வி. வீட்டில் ஏற்ற வேண்டிய விளக்கை ஏற்றாமல் ஊர் ஊராகப் போய் ஸ்வாமி கும்பிடுவதில் எனக்கும் உடன்பாடு கிடையாது. மாமியின் கைப்பையிலேயே சின்ன காலண்டர் இருந்தது. இருவருமாகப் புரட்டினோம்.

வரலட்சுமி நோன்பு பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமை. ஆவணி அவிட்டமும் பௌர்ணமி. அதற்கு எட்டாம் நாள் கோகுலாஷ்டமி. பிள்ளையார் சதுர்த்தியோ அமாவாசைக்குப் பிறகு நான்காம் நாள். நல்லூர்த் தேரும் தீர்த்தமும் வருவது அந்த அமாவாசையை ஒட்டி. அதாவது கோகுலாஷ்டமிக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் நடுவே! 2025-ல் கோகுலாஷ்டமி ஆகஸ்ட் 16, சதுர்த்தி ஆகஸ்ட் 27. நடுவில் பத்து நாள். அதற்குள் தேர், தீர்த்தம் எல்லாம் அடங்கிவிட்டது. வீட்டு விலக்கு கணக்கும் பார்க்க வேண்டிய பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! கிளம்புவதற்கும் திரும்புவதற்கும் முன்னே பின்னே இரண்டு நாள் இடம் இருக்கிறது.

“முருகன் நமக்காகவே பார்த்து வெச்சிருக்கான் போல” என்றார் மாமி.

அந்த அமாவாசைக் கணக்கில் இன்னொரு லாபமும் உண்டு. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் ‘போயா’ என்று அரசு விடுமுறை. புத்தர் பெருமானுக்கு உகந்த நாள். அன்று வங்கி கிடையாது, அலுவலகம் கிடையாது. மதுக்கடை, இறைச்சிக்கடை எல்லாம் அடைப்பு. நமக்கு அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான்! ஆனால், பணம் மாற்றவோ காகித வேலை முடிக்கவோ போயாவை நம்பிப் போனால் நின்றுவிடும். சில ஆண்டுகளில், வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி நாம் முருகனுக்கு விசாகம் கொண்டாடும்போது, அவர்களுக்கு அது வெசாக். இரண்டு நாள் விடுமுறை. தெருவெல்லாம் விளக்குக் கூடுகள், வழிப்போக்கர்களை நிறுத்தி அன்னதானம். ஒரே நிலா, இரண்டு பண்டிகை.

போயாவுக்கும் நயினாதீவுக்கும் உள்ள சம்பந்தத்தை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நாகபூஷணி அம்மன் குடியிருக்கும் அந்தக் குட்டித் தீவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து படகில் போக வேண்டும். அம்மன் கோயில் இருக்கும் அதே தீவில் நாகதீபம் என்ற புத்த விகாரையும் இருக்கிறது. போயா நாளில் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அம்மனுக்கு ஆனியில் நடக்கும் மகோற்சவம் முடிவதும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டித்தான். இரண்டு கூட்டமும் ஒரே படகுத்துறையில்! கைக்குழந்தையோடும் வயதான மாமியாரோடும் போகிறவர்கள் அன்றைக்குப் போகாமல், கொடி ஏறிய பின் நடுவில் ஒரு நாள் போவது உத்தமம். ஆவணித் தேருக்குப் போகிறவர்களுக்கு அந்தப் போயாக் கூட்டம் இருக்காது.

நாகபூஷணிக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு. பக்கத்துத் தீவில் இருந்து ஒரு நாகம் தினமும் வாயில் பூவைக் கவ்விக்கொண்டு கடலில் நீந்தி வந்து அம்பாளுக்குச் சாத்துமாம். ஒருநாள் கருடன் பிடிக்க வந்தது. நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிர்ப்பாறையில் உட்கார்ந்துகொண்டது. அந்த வழியாக மரக்கலத்தில் வந்த சோழநாட்டு வணிகர் ஒருவர், ‘பூஜைக்குப் போகிறதை விட்டுவிடேன்’ என்று கருடனிடம் மன்றாடினார். ‘இங்கே அம்பாளுக்குக் கோயில் கட்டுகிறாயா?’ என்று கேட்டது கருடன். கட்டினார். அந்த இரண்டு பாறைகளையும் இன்றும் கடலில் காட்டுகிறார்கள். தாராசுரத்துத் தறியில் நெய்த பட்டு ஒன்றை அம்பாளுக்குக் கொண்டுபோகலாமே என்று எனக்குத் தோன்றியது.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆவணியில் வர முடியாது என்கிறவர்களுக்கு, மே மாதம்தான் வழி. ஏப்ரல் 13, 14 மட்டும் வேண்டாம். சித்திரைப் புத்தாண்டுக்குத் தீவே அடைத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடும். வைகாசியில் வரும் ஒரு திங்கட்கிழமை, முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். மதுரையை எரித்துவிட்டுக் கிளம்பிய கண்ணகி, பல இடங்களில் தங்கி, பத்தாவதாக இங்கே வந்து அமர்ந்தாள் என்பது அவர்கள் நம்பிக்கை. எண்ணெய்க்குப் பதில் கடல்நீர் ஊற்றி விளக்கேற்றும் அற்புதம் இங்கே விசேஷம். பூம்புகாரில் பிறந்த பெண்ணுக்கு, நம் காவிரிக்கரையை விட அக்கரையில்தான் கோயில்களும் பொங்கலும் அதிகம் என்பது எனக்கு எப்போதுமே ஒரு குறை.

அதே வைகாசித் தொடக்கத்தில் அங்கே ஒரு திதியும் வருகிறது. மே 18. 2009-ல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைக்கும் நாள். வற்றாப்பளைக்கு அது பக்கத்து ஊர்தான். கடைசி நாட்களில் உயிர் பிழைக்கக் கிடைத்த அந்தக் கஞ்சியையே காய்ச்சி, வந்தவர்க்கெல்லாம் கொடுக்கிறார்கள். அந்த வாரத்தில் நீங்கள் அங்கே இருக்க நேர்ந்து யாராவது நீட்டினால், இரண்டு கையாலும் வாங்கிக் குடியுங்கள். ‘என்னடா இது, உப்பு இல்லையே’ என்று பிள்ளைகள் கேட்டால், அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். அன்றைக்குப் பட்டும் ஜரிகையும் வேண்டாம்.

மாசி மகா சிவராத்திரி அங்கே அரசு விடுமுறை. திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் மொண்டு, மகாலிங்கத்துக்கு நம் கையாலேயே அபிஷேகம் செய்யலாம். சம்பந்தரும் சுந்தரரும் இக்கரையில் நின்று பாடிய ஈசன்! 2025-ல் மழைக்கால ஓய்வு முடிந்து பிப்ரவரி 22 அன்று கப்பல் மறுபடி ஓடியது. 26-ம் தேதி சிவராத்திரி. எல்லா ஆண்டும் இப்படிப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். கந்த சஷ்டிக்குப் போக நினைத்தால் விமானம்தான். கப்பல் ஓடும் மாதத்திலும் வாரத்தின் எல்லா நாளும் ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். பாஸ்போர்ட் தேவை. இலங்கை அரசின் பயண அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால் பதிவு செய்யும்போதே விசாரித்து விடுங்கள்.

இனி நல்லூர். கருவறையில் விக்கிரகம் இல்லை, வேல்தான் மூலவர். மணி அடித்தால் அந்த நிமிடம் பூஜை. மந்திரி வந்தாலும் காத்திருப்பதில்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்! ஆண்கள் மேல்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். பெண்களுக்குப் புடவை, பாவாடை தாவணி. விழா நாட்களில் கோயிலைச் சுற்றி வண்டிகளை நிறுத்திவிட்டு, வீதியில் மணல் பரப்பி விடுகிறார்கள். 25 நாளும் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. அசைவத்துக்கு அங்கே அதுதான் பெயர். ஆகவே, சாப்பாட்டுக்கு நாம் கவலைப்பட வேண்டாம். கவலை, அறைக்குத்தான். கனடா, லண்டன், சுவிஸ் என்று புலம்பெயர்ந்து போனவர்கள் எல்லாம் நல்லூரானைப் பார்க்க அந்த மாதத்தில்தான் ஊருக்கு வருகிறார்கள். கொடியேற்றத் தேதி தெரிந்த உடனே அறைக்குச் சொல்லி வைப்பது நல்லது.

தேருக்கு முதல் நாள் இரவு சப்பறம். அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம் கண்ணை மூடினால் போதும். தேர் நாளன்று இருட்டோடு போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் தேர்முட்டியில் நிற்கிற தேரைத்தான் பார்க்கலாம். வடத்துக்குப் பின்னால் ஆண்கள் ஈர வேட்டியோடு மணலில் உருண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். அடிக்கொரு தரம் மண்டியிட்டு, நெற்றி மணலில் படக் கும்பிட்டு, எழுந்து, மறுபடி மண்டியிட்டு… ‘அடியழித்தல்’ என்று அதற்குப் பெயர். சிலர் கையில் கற்பூரச் சட்டி எரியும். என்ன வேண்டுதலோ, யாருக்காகவோ! காணாமல் போன பிள்ளைக்காக இன்னும் அடியழிக்கும் தாய்மார்களும் அந்த மண்ணில் இருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க மனம் வராது. முடிந்தவர்கள் ஒரு வீதியாவது அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

மறுநாள் தீர்த்தம். அதற்கடுத்த நாள் பூங்காவனம். கோயிலடியில் கச்சான் கடைகள் வரிசையாக இருக்கும், நம் வேர்க்கடலைதான். நல்லூருக்குப் போய்விட்டுக் கச்சான் வாங்காமல் திரும்பினால் அந்த ஊரார் சிரிப்பார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்றாலும், வந்த களைப்பில் மாவு இடிக்க உடம்பு வணங்காது. கொழுக்கட்டை மாவை மட்டும் கிளம்புமுன்பே அரைத்து, சலித்து, டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போங்கள்.